பாடிப் போனவர் திரும்பும் கோடு

சடுகுடுவில் பாடிச் செல்பவர் எதிர்க்களத்தில் எத்தனை பேரைத் தொட்டாலும், நடுக்கோட்டை எட்டித் தம் பக்கம் வந்து சேரும்வரை அவருக்கு ஒரு புள்ளியும் கிடையாது. கை தொட்டதைக் கால் கொண்டுவந்து கோட்டில் சேர்க்க வேண்டும். வரும் வழியில் பிடிபட்டால், புள்ளி பிடித்தவர்களுக்கே போகும். அவுட்டாகிக் களத்துக்கு வெளியே உட்கார்ந்தவருக்கும் ஆட்டம் அத்தோடு முடிவதில்லை. அவருடைய அணி எதிரணியில் ஒருவரை வெளியேற்றியதும் அவர் எழுந்து மறுபடி உள்ளே வருவார். போய்த் திரும்புவதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படை விதி.

ஆட்டக்காரர்களின் வாழ்க்கையும் பல வேளைகளில் இதே தடத்தில் போகிறது. ஊர் அணியில் பாடத் தொடங்கியவர் வேலைக்காகவும் வருமானத்துக்காகவும் வேறு அணிகளுக்குப் போகிறார். பல ஆண்டு கழித்து, பழைய வேகம் சற்றுக் குறைந்த பருவத்தில், முதலில் நின்ற களத்துக்கே வந்து நிற்கிறார். ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரையில் இந்தத் திரும்புதல் திருவிழாவோடும் விடுமுறையோடும் சேர்ந்தது. சடுகுடுவைக் கபடி என்ற பெயரில் ஆடும் ப்ரோ கபடி லீக்கில் அதே திரும்புதல் ஏலத்தொகையோடு சேர்ந்தது. இவை எப்படி உருவாயின என்பதைப் பார்த்தால் ஓர் ஆட்டத்தின் நூறாண்டு வரலாறும் தெரியவரும்.

பாட்டும் மூச்சும்

தமிழகத்தில் இந்த ஆட்டத்துக்குச் சடுகுடு என்பதே பழைய பெயர். ஆந்திரத்தில் செடுகுடு, மகாராஷ்டிரத்தில் ஹுதுது, வங்காளத்தில் ஹடுடு என்று வழங்கியது. பாடும்போது வாயிலிருந்து வரும் ஒலியே ஒவ்வோர் இடத்திலும் பெயராகியிருக்கிறது. தேவநேயப் பாவாணர் தமது 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' நூலில் சடுகுடுவையும் சேர்த்து எழுதியிருக்கிறார். கபடி என்ற பெயர் போட்டி விதிகளோடு வந்து பரவியது. ஆனாலும் கிராமத்து முதியவர்களின் பேச்சில் சடுகுடு இன்னும் இருக்கிறது.

பழைய சடுகுடுவில் பாடிச் செல்பவர் ஒரே சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். எதுகை மோனை வைத்த வரிகளைப் பாடுவார். எதிரணியைச் சீண்டுவார், தம் ஊரின் பெருமையைச் சொல்வார். வரி முடிந்ததும் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டும்வரை இழுப்பார். ஒரே மூச்சில் பாட வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் 'பாட்டு அறுந்தது' என்று அர்த்தம், ஆள் அவுட். எதிர்க்களத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை அந்த மூச்சே முடிவு செய்தது. கடிகாரமோ விசிலோ இல்லாத களத்தில் நெஞ்சுக்கூடுதான் கடிகாரம்.

வயது இங்கேதான் கணக்கில் வருகிறது. இருபது வயதில் ஒருவரால் எதிர்க்களத்தின் கடைசிவரை போய்ச் சுற்றிவிட்டு வர முடியும். முப்பத்தைந்தில் அதே மூச்சு பாதித் தூரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் எந்த மூலையில் நிற்பவர் எந்தக் காலை முன்வைப்பார், யார் கணுக்காலுக்குக் குனிவார், யார் இடுப்பைப் பிடிக்கப் பாய்வார் என்பதை மூத்தவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். மூச்சு குறையும் காலத்தில் கண்ணும் கணிப்பும் கூடுகின்றன. பழைய ஆட்டக்காரரை அணிகள் திரும்பக் கூப்பிடுவதற்கு இதுதான் முதல் காரணம்.

விதிகள் எழுதப்பட்ட காலம்

ஊருக்கு ஊர் வேறுபட்ட ஆட்டத்துக்குப் பொது விதிகள் வகுக்கும் முயற்சி 1920களில் மகாராஷ்டிரத்திலும் பரோடாவிலும் தொடங்கியது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தினர் இந்த ஆட்டத்தை அங்கே ஆடிக் காட்டினர். 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1952இல் சென்னையில் நடந்தது. தேசியப் போட்டியின் வரலாறு தமிழகத்தில் தொடங்கியது இந்த மண்ணின் ஆட்டக்காரர்களுக்குப் பெருமை தரும் செய்தி.

விதி வகுத்தவர்கள் முன்னால் இருந்த பெரிய கேள்வி, அவுட்டானவரை என்ன செய்வது என்பது. அதுவரை மூன்று முறைகள் வழக்கில் இருந்தன. காமினி முறையில் அவுட்டானவர் திரும்ப வரவே முடியாது. ஓர் அணியின் ஆட்கள் முழுவதும் வெளியேறும்வரை ஆட்டம் நடக்கும். அமர் முறையில் அவுட்டானவர் வெளியே போகவே மாட்டார். புள்ளி மட்டும் எதிரணியின் கணக்கில் ஏறும், அவர் களத்திலேயே ஆடிக்கொண்டிருப்பார். சஞ்சீவினி முறையில் அவுட்டானவர் வெளியே போவார், தம் அணி எதிராளி ஒருவரை வெளியேற்றும்போது உயிர் பெற்று உள்ளே வருவார்.

கடைசியில் சஞ்சீவினி முறையே நிலைத்தது. முதலில் வெளியே போனவர் முதலில் உள்ளே வர வேண்டும் என்ற வரிசையும் ஏற்பட்டது. எதிரணியின் ஆட்கள் அத்தனை பேரையும் வெளியேற்றினால் 'லோனா' என்று கூடுதலாக 2 புள்ளி கிடைக்கும். வெளியேறிய அணி முழுவதும் மறுபடி உள்ளே வந்து ஆட்டத்தைத் தொடரும். அணியே தோற்றுப்போன நிலையிலிருந்தும் எழுந்து வரலாம் என்பதை விதியாகவே வைத்திருக்கும் ஆட்டம் இது. தனியொருவரின் உயிர் மற்றவர் எடுக்கும் புள்ளியில் இருக்கிறது என்பதால், வெளியே உட்கார்ந்திருப்பவர் பாடிப் போகிறவரின் ஒவ்வோர் அடியையும் தம் அடியாகப் பார்ப்பார்.

இன்றைய ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. அணிக்கு ஏழு பேர் களத்தில் நிற்பார்கள். ஒருமுறை பாடிச் செல்ல 30 விநாடிதான் நேரம். எதிர்க்களத்தில் ஆறு பேருக்குக் குறையாமல் இருக்கும்போது போனஸ் கோட்டைக் கடந்து கால் வைத்தால் தொடாமலே ஒரு புள்ளி கிடைக்கும். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ஒருவரைப் பிடித்துவிட்டால் பிடித்த அணிக்குக் கூடுதல் புள்ளி உண்டு. தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய அணிக்கு மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வரும். அந்த மூன்றாவது பாட்டுக்கு அணிகள் பெரும்பாலும் அனுபவம் உள்ளவரையே அனுப்பும்.

கடற்கரையின் களம்

ராமநாதபுரம் மாவட்டம் தொண்டியிலிருந்து சாயல்குடிப் பக்கம்வரை நீண்ட கடற்கரை கொண்டது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவில் மண்டபம் முனையிலிருந்து பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று தீவு நீள்கிறது. உள்நாட்டில் கண்மாயும் கருவேலமும், கரையில் பனையும் மணலும். மழை குறைந்த மண்ணில் விளையாட்டுக்குச் செலவு செய்ய மக்களிடம் பெரிய கையிருப்பு இருந்ததில்லை. பந்து, மட்டை, வலை, செருப்பு எதுவும் கேட்காத சடுகுடு இந்த நிலத்துக்கு நன்றாகப் பொருந்தியது. சமமான ஒரு துண்டு நிலமும் கோடு கிழிக்க ஒரு குச்சியும் இருந்தால் போதும்.

மணலில் ஆடுவதற்கென்று தனிப் பழக்கம் வேண்டும். மண்தரையில் உந்தித் தாவுவதுபோல மணலில் தாவ முடியாது. கால் புதையும், ஒவ்வோர் அடிக்கும் இரட்டிப்பு வலு தேவைப்படும். விழுந்தால் அடி குறைவு, அதனால் பிடிக்கிறவர்கள் அஞ்சாமல் பாய்வார்கள். கடற்கரை மணலில் ஆடும் கபடி பிற்காலத்தில் தனிப் போட்டியாகவும் வளர்ந்தது. 2008இல் பாலியில் நடந்த முதல் ஆசியக் கடற்கரை விளையாட்டுப் போட்டிகளில் அது இடம்பெற்றது. அந்த வகையில் களத்தில் அணிக்கு நான்கு பேர்தான்.

இந்தக் கடற்கரையின் மக்கள் நெடுங்காலமாகப் போய்த் திரும்புகிறவர்கள். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடின. இலங்கைக்கு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் அந்த வழியில்தான் வந்து போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது, அந்தப் பயணமும் நின்றது. பின்னாளில் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் சென்னைக்கும் போவது பெருகியது. 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்தபின் தீவுக்கும் கரைக்கும் இடையே பேருந்துப் போக்குவரத்து வந்தது. தீவின் அணி லாரியிலோ வேனிலோ ஏறி அக்கரைக்குப் போய் ஆடிவிட்டு இரவே திரும்புவது அதன்பிறகு எளிதாயிற்று. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் திறக்கப்பட்டது.

ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பும் நாட்களுக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. பொங்கல், அம்மன் கோயில் திருவிழா, தேவாலயத் திருவிழா, பெருநாள் விடுமுறை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் கடலுக்குப் போகிறவர்களும் கரையில் இருப்பார்கள். கபடிப் போட்டிகளும் பெரும்பாலும் இந்த நாட்களையொட்டியே வரும். மின்னொளி கபடி என்று சுவரொட்டி ஒட்டி, கம்பம் நட்டு விளக்குக் கட்டி, மாலையில் தொடங்கும் போட்டி விடியும்வரை நடக்கும். சுழற்கோப்பையும் ரொக்கப் பரிசும் இருக்கும், சில ஊர்களில் ஆடு, குத்துவிளக்கு ஆகியவையும் பரிசாக வரும்.

ஊர் அணிக்கு ஒப்பந்தமோ சம்பளமோ கிடையாது. பிறந்த ஊரே உறுப்பினர் அட்டை. ஆகவே வெளியூர் போனவர் அணியை விட்டு நீங்கியதாக யாரும் கருதுவதில்லை. பத்தாண்டு கழித்து விடுமுறையில் வந்தாலும் அவருடைய இடம் அவருக்கு இருக்கும். பையன்களுக்கு அவர் அண்ணன், சித்தப்பா, மாமா. இளையவர்கள் ஓடிக் களைத்த வேளையில், கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு போனஸுக்கோ ஒரு தொடுதலுக்கோ அவரைப் பாட அனுப்புவார்கள். அவர் புள்ளியோடு வந்தால் களத்தைச் சுற்றி நிற்கும் ஊரே கத்தித் தீர்க்கும்.

பரிசுத்தொகை கூடியபோது வெளியூர் ஆட்களைப் பணம் கொடுத்துக் கூட்டிவரும் பழக்கமும் வந்தது. அதனால் உள்ளூர் ஆட்களுக்கு மட்டும் என்று தனிப் போட்டிகள் நடத்துகிறார்கள். ஒரே ஊர்க்காரர்கள்தான் என்பதற்குச் சான்றாக ஆதார் அட்டை கொண்டுவர வேண்டும் என்று சுவரொட்டியிலேயே அச்சிடுவதும் வழக்கமாகிவிட்டது. எடைப்பிரிவு வைத்தும் ஆட்டம் நடத்துவார்கள். உள்ளூர்ப் போட்டி என்றால் வெளியூரில் இருக்கும் பழைய ஆட்டக்காரரின் மதிப்பு இன்னும் ஏறும். அவரை வரவழைப்பதுதான் அணிக்கு இருக்கும் ஒரே வழி.

வேலை தந்த அணிகள்

ஊர் அணியைத் தாண்டி ஓர் உலகத்தைத் திறந்துவிட்டது விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. ரயில்வே, காவல்துறை, ராணுவம், மின்வாரியம், வங்கிகள், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் ஆகியவை நல்ல ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்துத் தங்களுக்கென்று அணிகளை வளர்த்தன. குடும்பத்தில் முதல் மாதச் சம்பளக்காரரைக் கபடி உருவாக்கிய வீடுகள் தமிழகம் முழுவதும் உண்டு. மாவட்ட அணிக்குத் தேர்வாகி, மாநில அணிக்கு ஆடி, அந்தச் சான்றிதழைக் காட்டி வேலைக்குச் சேர்வது ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நம்பகமான ஏணியாக இருந்தது.

இதனால் ஒருவருக்கு இரண்டு மூன்று அணிகள் ஏற்பட்டன. அலுவலகத்துக்கு ஓர் அணி, மாவட்டத்துக்கு ஓர் அணி, ஊருக்கு ஓர் அணி. தேசியப் போட்டியில் ரயில்வேயும் ராணுவமும் மாநிலங்களைப் போலவே தனி அணிகளாக ஆடுகின்றன. ரயில்வேயில் சேர்ந்த தமிழர் ஒருவர் ரயில்வேக்காகப் பாடி, தம்மை வளர்த்த தமிழ்நாட்டு அணியை எதிர்த்து நிற்க நேரிடும். எதிரே நிற்பவர்கள் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள், அவருடைய தந்திரம் எல்லாம் தெரிந்தவர்கள். அந்தக் களத்தில் பழைய நட்பும் இன்றைய கடமையும் சேர்ந்தே நின்றன.

இப்படி வளர்ந்தவர்களே இந்திய அணியையும் நிரப்பினார்கள். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. அன்று முதல் 2014வரை நடந்த ஏழு போட்டிகளிலும் ஆடவர் தங்கம் இந்தியாவுக்கே வந்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கிராமத்தைச் சேர்ந்த கணேசன் 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர், அர்ஜுனா விருது பெற்றவர். ஊர்ப் பெயரே அவர் பெயரின் முன்பாதியாகி, மணத்தி கணேசன் என்றே அறியப்படுகிறார். எவ்வளவு தூரம் போனாலும் ஆட்டக்காரர் ஊரின் பெயரைச் சுமந்தே போகிறார் என்பதற்கு இது நல்ல சான்று.

ஏலம் வந்த பிறகு

2014 ஜூலையில் எட்டு அணிகளோடு ப்ரோ கபடி லீக் தொடங்கியது. அந்த ஆண்டு ஏலத்தில் ராகேஷ் குமாரைப் பாட்னா பைரேட்ஸ் 12.8 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது, அதுவே அன்றைய உச்சத் தொகை. 2017இல் நான்கு அணிகள் புதிதாகச் சேர்ந்து எண்ணிக்கை பன்னிரண்டானது. தமிழ் தலைவாஸ் அவற்றில் ஒன்று. மண்ணில் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் விரிப்பின்மேல் காலணியோடு ஆடும் தொலைக்காட்சி ஆட்டமானது. பாடிச் செல்பவருக்கு ரைடர் என்ற பெயரும் தமிழில் நிலைத்தது.

ஏலமுறை ஆட்டக்காரரின் போக்குவரத்தை முழுவதும் மாற்றிவிட்டது. அணிகள் சிலரைத் தக்கவைத்து மற்றவர்களை விடுவிக்கும். விடுவிக்கப்பட்டவர் ஏலத்துக்கு வருவார், யார் அதிகம் கேட்கிறார்களோ அங்கே போவார். கடந்த பருவத்தில் அவர் ஆடிய அணிக்கு ஓர் உரிமை உண்டு. வேறோர் அணி கேட்ட கடைசித் தொகையைத் தானும் கொடுத்து அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பழைய அணிக்கு முன்னுரிமை என்ற கருத்து ஏல அரங்கிலும் ஓரளவு இடம்பிடித்திருக்கிறது. ஆனால் அதைத் தாண்டி ஓராண்டு இடைவெளி விழுந்துவிட்டால், திரும்புவது முழுக்கச் சந்தையின் கையில்.

இந்த முறையில் திரும்புதலின் வரலாற்றை ஒரே ஆட்டக்காரரின் வழியாகப் பார்க்க வேண்டுமென்றால் பவன் செராவத்தைப் பார்க்கலாம். டெல்லியின் பவானா பகுதியைச் சேர்ந்த அவர் 2016இல் பெங்களூரு புல்ஸ் அணியில் லீக் வாழ்வைத் தொடங்கினார். 2017இல் குஜராத் அணிக்குப் போனார். 2018இல் பெங்களூருக்கே திரும்பினார். அந்தத் திரும்புதல்தான் அவரை உயர்த்தியது. 2019 ஜனவரி 5 அன்று மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் பெங்களூரு அணி அதே குஜராத்தை 38-33 என்று வென்றது. பவன் தனியாகப் பாடி எடுத்தது 22 புள்ளி. 2019 பருவத்தில் ஹரியானா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 39 ரைடு புள்ளி எடுத்தது லீக் சாதனையாயிற்று. பிடிக்க வருபவர்களின் தலைக்கு மேல் தாவித் தப்பும் ஆட்டம் அவருடையது.

2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அவரை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்துத் தலைவராக்கியது. அக்டோபரில் முதல் ஆட்டத்திலேயே, எதிரணி ரைடரைப் பிடிக்கப் போன இடத்தில், முழங்காலில் காயம்பட்டு வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. நரேந்தர் போன்ற இளையவர்கள் பாரத்தை ஏற்றார்கள். அணி முதன்முறையாக அரையிறுதிவரை சென்று, புனேரி பல்தானிடம் 37-39 என்று தோற்றது. தமிழக ரசிகர்களுக்குப் பவனின் ஆட்டம் பாதியில் அறுந்த பாட்டாக நின்றுபோயிற்று.

2023இல் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்கு அவர் தலைவர். 2018இல் இழந்த தங்கத்தை, இறுதி ஆட்டத்தில் ஈரானை 33-29 என்று வென்று இந்தியா மீட்டது. 2025 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அவரை மறுபடியும் எடுத்தது. தொகை 59.5 லட்சம், முதல்முறை கொடுத்ததில் கால்பங்குக்குச் சற்றே அதிகம். மீண்டும் அவரே தலைவர். ஆனால் சில ஆட்டங்களுக்குப் பின், செப்டம்பரில், ஒழுங்கு தொடர்பான காரணம் சொல்லி நிர்வாகம் அவரை அணியிலிருந்து விலக்கியது. தம்மீது சொல்லப்பட்டதை அவர் மறுத்தார். ஒரே அணியில் இருமுறையும் அவருடைய ஆட்டம் தொடக்கத்திலேயே நின்றது.

பிரதீப் நர்வாலின் கதையும் இதற்கு அடுத்து வைக்கத்தக்கது. குனிந்து, பிடிக்க நீளும் கைகளுக்குக் கீழே புகுந்து வெளிவரும் 'டுப்கி' அவருடைய முத்திரை. 2015இல் பெங்களூரு புல்ஸில் தொடங்கிய அவர், பாட்னா பைரேட்ஸுக்குப் போய் மூன்று பருவங்கள் தொடர்ந்து கோப்பை வென்ற அணியின் தூணானார். 2017 பருவத்தில் 369 ரைடு புள்ளி எடுத்தார். உத்தரப் பிரதேச அணியில் சில பருவங்கள் ஆடிவிட்டு 2024இல் தொடங்கிய இடமான பெங்களூருக்குத் திரும்பினார். அந்தப் பருவத்தில் பெங்களூரு கடைசி இடத்தில் முடிந்தது. 2025 ஏலத்தில் அவரை யாரும் எடுக்கவில்லை, அவர் ஓய்வை அறிவித்தார். லீக் வரலாற்றில் மிக அதிகமான ரைடு புள்ளிகளோடு, தொடங்கிய களத்திலேயே அவருடைய கடைசிப் பாட்டும் முடிந்தது.

திரும்பியவர் கொண்டுவருவது

உடல்மேல் மோதித் தடுக்கும் கூட்டத்துக்குள் தனியாளாகப் புகுந்து வழி உண்டாக்கும் வேலை வேறு ஆட்டங்களிலும் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை அணைத்துக்கொண்டு தடுப்பவர்களைப் பிளந்து ஓடும் ரன்னிங் பேக் ரைடருக்கு நெருங்கிய உறவு. அவருக்கும் இளமை சீக்கிரம் தீர்ந்துவிடும், முழங்காலும் கணுக்காலும் முதலில் போகும். மார்ஷான் லிஞ்ச் 2010 முதல் சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் முதுகெலும்பாக ஆடியவர். பின்னர் ஓக்லாந்து அணிக்காகவும் ஆடினார். 2019 டிசம்பரில், ஓடக்கூடிய ஆட்கள் வரிசையாகக் காயம்பட்டபோது, சியாட்டில் 33 வயதான அவரைத் திரும்ப அழைத்தது. அணிக்கு நெருக்கடி வரும்போது பழைய ஆளின் முகம் நினைவுக்கு வருவது எந்த நாட்டுக் களத்திலும் ஒன்றுதான்.

திரும்பும் மூத்த ரைடர் பழைய வேகத்தைக் கொண்டுவருவதில்லை, கொண்டுவர வேண்டியதும் இல்லை. அவருடைய வேலை வேறு. ஆட்டம் முன்னிலையில் இருக்கும்போது 30 விநாடியையும் பாடிக் கழித்து, பிடிபடாமல் திரும்பி நேரத்தைத் தள்ளுவார். எதிரணியின் வலது மூலையில் நிற்பவர் அவசரக்காரர் என்று கண்டு அவரை இழுத்து முன்னே வரவைப்பார். அடுத்துப் பாடப் போகும் இளையவருக்கு அந்தச் சேதி போய்ச் சேரும். நெருக்கடியான மூன்றாவது பாட்டில் பதறாமல் ஒரு கையை நீட்டித் தொட்டுத் திரும்புவார். புள்ளிப் பட்டியலில் இவை பாதிதான் தெரியும். ஆட்டத்தை நடத்தியவர் யார் என்பது களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

திரும்புவது ஆட்டக்காரராக மட்டும் இருக்க வேண்டியதும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துத் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் பிடியாட்டத்தில் பேர்பெற்றவர். 2016இல், நாற்பதைத் தாண்டிய வயதில், பாட்னாவின் தலைவராகக் கோப்பை வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். பல மாநில அணிகளுக்கு ஆடி முடித்த அவர் 2024இல் தமிழ் தலைவாஸின் உத்திப் பயிற்சியாளராகச் சொந்த மாநிலத்துக்கு வந்தார். கற்றதை மண்ணுக்குத் திருப்பித் தருவது திரும்புதலின் நீடித்த வடிவம்.

ராமநாதபுரம் கடற்கரையில் இந்த வடிவம் பெயரில்லாமலே நடக்கிறது. வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு வந்தவரோ, படகிலிருந்து ஓய்வுபெற்றவரோ, காவல்துறையில் ஆடிவிட்டு வந்தவரோ மாலையில் ஊர்க் களத்துக்கு வருகிறார். முதலில் ஓரமாக நிற்பார். பிறகு பையன்களின் கால்வைப்பைத் திருத்துவார், சங்கிலிப் பிடியில் கை எங்கே கோக்க வேண்டும் என்று காட்டுவார். திருவிழா இரவில் ஆள் குறைந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே இறங்குவார். இங்கே ஏலத்தொகை கிடையாது, ஒப்பந்தக் காலமும் கிடையாது. இரண்டு பாட்டோடு மூச்சு வாங்கினாலும் அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு அவரை எதிர்பார்ப்பார்கள்.

லீக்கின் பணம் பல வீடுகளில் விளக்கேற்றியிருக்கிறது. அது வந்ததால் ஆட்டம் கெட்டது என்று சொல்வது ஆட்டக்காரர்களின் உழைப்புக்குச் செய்யும் அநீதி. ஆனாலும் ஏலத்தில் திரும்புகிறவருக்குக் கிடைக்காத ஓர் உறுதி ஊர்க் களத்தில் இருக்கிறது. ஒரு பருவம் சரியாக அமையாவிட்டால் ஏலம் அவரை மறந்துவிடும். ஊர் அணி அவரை வெளியே உட்கார்ந்திருப்பவராகத்தான் எண்ணும், மற்றவர் ஒரு புள்ளி எடுத்தால் எழுந்து உள்ளே வரக்கூடியவராக எண்ணும். சஞ்சீவினி முறையைப் பிற்காலத்தில் புத்தகத்தில் எழுதினார்கள். ஊர்கள் அதைத் தங்கள் ஆட்களிடம் இன்றும் அப்படியே கடைப்பிடித்து வருகின்றன.